பீடிக்குப் பதில்

சேசு மரி சூசை துணை

தேவிகுளம்
ஜூன் மாதக் கடைசி

என் செல்ல மகள் டின்சிக்கு,

உன் அம்மா சிசிலி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மழையும் இருக்கிறோம். எங்கள் இரண்டு பேரையும்விட மழைதான் திடமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போன மாதம் போனில் பேசும்போது நடுவில் இருமினாய். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய். மடத்து மதர் பக்கத்தில் நின்றதால்தான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? மதுரைப் புழுதி உனக்கு ஆகாது. சுக்கும் ஏலக்காயும் தட்டி அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுக் குடி.

மாதத்துக்கு ஒரு முறை ஸ்பீக்கரில் போட்டு, மணியடித்ததும் வைத்துவிடுகிற பேச்சு எனக்குப் பேச்சாகவே தோன்றவில்லை. நவதுறவுப் பயிற்சி முடிகிறவரை மடத்தில் அதுதான் சட்டம் என்றால் இருக்கட்டும். எனக்குக் கடிதம் போதும். கடிதத்தையும் மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்று கேள்வி. மதிப்புக்குரிய மதர் அவர்களே, இதை நீங்கள் படிப்பதாக இருந்தால், இதற்கு மேல் எங்கள் குடும்ப விஷயம். பார்சலில் உங்களுக்கும் ஒரு பாக்கெட் நல்ல தேயிலை வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக் குடியுங்கள், தயவுசெய்து இங்கே கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அந்தோனியார் திருநாள் நடந்தது. தேர் எடுக்க முடியவில்லை. சுரூபத்துக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நம் லயத்து வீடுகளின் முனையில் சிலுவை நிற்கிற குருசடியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டார்கள். ஃபாதர் விளக்கு எண்ணெயை மந்திரித்துக் கொடுத்தார். வழக்கம்போல ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். உன் காது வலிக்கும் என் முழங்காலுக்கும் இதை விட்டால் நம் வீட்டில் வேறு மருந்து ஏது? அப்பா நெஞ்சிலும் ஒரு சொட்டுத் தேய்த்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் துண்டால் துடைத்துவிட்டார். மந்திரித்த எண்ணெயை ஒரு மனிதன் ஏன் துடைக்க வேண்டும்? எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நீ மடத்துக்குக் கிளம்பிய காலையில், ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால், குருசடிப் படியில் கை வைத்து அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "எம்புள்ள வார்த்தப்பாடு குடுக்குற நாள் வரைக்கும் இந்த சுவக்கீன் பீடியத் தொடமாட்டான். தொட்டா அந்த நாளே வராமப் போகட்டும்" என்றார். நீ அழுதாய். நான் அழவில்லை. அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வாய்க்குப் பிள்ளையின் நாளைப் பணயம் வைக்கிற அப்பனை எங்கேயாவது கண்டதுண்டா? டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாளில் நீ கன்னியாஸ்திரீயாக வார்த்தைப்பாடு கொடுக்கிறாய் என்று தேதி தெரிந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. அவர் தவறினால் உனக்கு என்ன ஆகும்?

அறியாத வயதில் பிடித்த பீடி அது. ஃபாக்டரியில் தேயிலை காய்கிற டிரையர் அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஆள் அதை ஒரே நாளில் விடுவாரா? தினமும் சட்டையை மோந்து பார்க்கிறேன், விரலை மோந்து பார்க்கிறேன். பீடி வாடையே இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு இனிப்பு வாடை அடிக்கிறது. பிள்ளைகள் சப்புகிற ஸ்ட்ராபெரி மிட்டாய் வாடை. நம் வீட்டில் சப்புகிற பிள்ளை யார்? ஃபாக்டரி கேன்டீனுக்கு ஷீனா என்று புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். மலையாளத்துப் பெண், பூசி மினுக்கிக்கொண்டு வருவாள். டீ வாங்குகிற சாக்கில் அவளை ஒட்டி நின்று மோந்து பார்த்தேன். வெங்காய வாடைதான் வந்தது. "எந்தா சேச்சி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். ஆனாலும் அவளை நான் முழுதாக விட்டுவிடவில்லை.

பின்பக்கத்து விறகுச் சாய்ப்புக்கு அப்பா பூட்டுப் போட்டிருக்கிறார். விறகுக்கு எதற்குப் பூட்டு? சாவியைத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார், ஆண்டவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு. அவர் வேலைக்குப் போனதும் திறந்து பார்த்தேன். பழைய டார்ச் லைட் ஒன்று குடல் பிடுங்கிக் கிடந்தது. ஒரு தையல் ஊசியில் முடி போலக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. பக்கத்தில் பஞ்சு. டின்சி, அப்படியே பூட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு வேலுத்தாயிடம் மட்டும் சொன்னேன். கொழுந்து எடுக்கும்போது எனக்கு அடுத்த நிரை அவளுடையது, சொல்லாமல் இருக்க முடியாது. "அக்கா, ஊசியில கம்பி சுத்திப் பஞ்சு வச்சிருக்குன்னா அது செய்வினையேதான். போடிமெட்டுக்குக் கீழ ஒருத்தரு இருக்காரு, எடுத்துப் போட்டுருவாரு" என்றாள். நான் ஞானஸ்நானம் வாங்கியவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். மதரிடம் சொல்லாதே.

அப்பாவின் துண்டில் ஒரு பொத்தல். சுற்றிலும் கருகியிருக்கிறது. கேட்டால் அயர்ன் பாக்ஸ் பட்டது என்கிறார். துண்டை அயர்ன் பண்ணுகிற வழக்கம் நம் வீட்டில் என்றைக்கு வந்தது?

இதில் வினோவும் சேர்ந்திருக்கிறான். என் அண்ணன் மகன் என்பதற்காக அவனை நான் விட மாட்டேன். டவுனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வந்து உன் அப்பாவோடு சாய்ப்புக்குள் அடைந்துகொள்கிறான். "மாமா சும்மா ரேடியோ நோண்டுறாரு அத்த" என்றான். நம் ரேடியோ நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே செத்துப்போனது. போடிமெட்டு ரோட்டில் எக்சைஸ்காரர்கள் ஒவ்வொரு ஜீப்பாக நிறுத்திப் பையைக் கிளறுகிறார்கள். கஞ்சா என்றால் ஊர் உலகம் முதலில் நம் மலையின் பெயரைத்தான் சொல்லும். இவர்கள் இரண்டு பேரும் அப்படி ஏதாவது செய்து, நாளைக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றால், கேஸ் விழுந்த வீட்டுப் பெண்ணுக்கு மடத்தில் உடுப்புக் கொடுப்பார்களா? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தோனியார் எண்ணெயில் விரல் தொட்டு, சுவரிலிருக்கும் உன் போட்டோவின் நெற்றியில் சிலுவை போடுகிறேன். இப்போதும் போட்டுவிட்டுத்தான் எழுதினேன். அந்தப் புனிதர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா
சிசிலி


சேசு மரி சூசை துணை

தேவிகுளம்
ஆகஸ்ட், மாதா திருநாளுக்கு மறுநாள்

டின்சிக் கண்ணு,

கண்டுபிடித்துவிட்டேன்! உன் சுகத்தையும் மதரின் சுகத்தையும் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும், ஆனால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் சுகமாக இருங்கள்.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு நாள் காற்று தாங்காமல் சூப்பர்வைசர் மதியத்தோடு வேலையை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தால் சாய்ப்பின் பலகை இடுக்கில் வெள்ளையாக வருகிறது. தீப்பிடித்துவிட்டது என்று குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைத் தள்ளினேன். உன் அப்பா விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். வாயிலும் மூக்கிலும் டிரையர் மாதிரிப் புகை. குடத்தை அவர் தலையிலேயே கவிழ்த்துவிட்டேன். தீயை அணைக்க ஊற்றினேன் என்று அவரிடம் சொன்னேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன், கோபத்தில்தான் ஊற்றினேன்.

விஷயம் இதுதான். பீடிக்குப் பதிலாகக் கரண்டில் புகை விடுகிற ஒரு குழல் இருக்கிறதாம். வேப் என்கிறார்கள். பேட்டரி கம்பியைச் சூடாக்கும். கம்பி, பஞ்சில் ஊறியிருக்கிற மருந்துத் தண்ணியை ஆவியாக்கும். அதை உறிஞ்ச வேண்டும். அந்த மருந்தில் பீடியின் காரம் இருப்பதால் மனம் பீடியைத் தேடாதாம். நம் நாட்டில் அதை விற்கக் கூடாது என்று சட்டமாம், அதனால் கடையில் கிடைக்காது. டிரையரையே கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று போனில் வீடியோ பார்த்துத் தானே செய்ய உட்கார்ந்துவிட்டார்.

முதலில் செய்தது மடியிலேயே சூடாகித் துண்டைப் பொசுக்கியிருக்கிறது. அயர்ன் பாக்ஸாம்! அடுத்தது ஆவியே விடாமல் மருந்தை அப்படியே வாய்க்குள் ஊற்றிவிட்டது. நாக்கு மரத்துப்போய் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசாமல் திரிந்தாரே, அது அன்றைக்குத்தானாம். நான் அந்த ஷீனாவை நினைத்துக்கொண்டுதான் மௌனமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம் செய்ததில் பேட்டரி உப்பிக்கொண்டு சீறியிருக்கிறது. வினோ அதை விறகுக் கட்டையால் தள்ளி ஓடையில் போட்டுவிட்டு, "மாமா, இது வெடிச்சிரும், உங்களக் கும்பிடுறேன், விட்டுருங்க" என்று கெஞ்சினானாம். உன் அப்பாவா விடுவார்? இப்போது ஒன்று வேலை செய்கிறது. டார்ச்சின் தலைப்பக்கமும் பேனாக் குழாயும் சேர்த்து, பார்க்க அடுப்பு ஊதுகிற குழல் மாதிரி இருக்கிறது. நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தபோது உன்னைத் தூக்கிக் காட்டின மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தோனியாரை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டேன். "பீடியத் தொடமாட்டேன்னுதான சொன்னேன் சிசிலி. தொடவே இல்ல. இது பேட்டரி" என்றார். வக்கீல் தோற்றுவிடுவார். உங்கள் மடத்துச் சட்டப்படி இது வாக்கை மீறினதாகுமா ஆகாதா என்று கேட்டு எழுது. எனக்கு ஒளித்தது ஏன் என்று கேட்டேன். "சொன்னா நீ நம்பவா போற?" என்றார். நம்பாதவளா நான்?

அப்புறம் அவராகவே சொன்னார். மருந்தின் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உன் வார்த்தைப்பாடு அன்றைக்கு இந்தக் குழலையும் எறிந்துவிடுவாராம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர் முத்தம் கொடுக்க வந்தால் பீடி நாத்தம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாயே, அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார். வெள்ளை உடுப்பில் நீ வரும்போது உன் நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டுமாம். அப்போது நீ திரும்பிக்கொள்ளக் கூடாதாம். ஈரத் தலையைத் துவட்டிவிட்டேன்.

ஆக, அவரை நம்பிவிட்டேன். அந்தப் பாட்டிலைத்தான் நம்பவில்லை. குழலுக்கு ஊற்றுகிற மருந்து ஒரு சின்னப் பாட்டிலில் வருகிறது. மலைக்குக் கீழே இருந்து யாரோ ஒளித்துக் கொண்டுவந்து வினோவிடம் தருகிறார்களாம். பேர் இல்லை, தேதி இல்லை, ஸ்ட்ராபெரி வாடை மட்டும் இருக்கிறது. இப்படி ஒளிந்து வருகிற தண்ணியில் எவன் என்ன கலந்தானோ? வினோவைக் கேட்டால் "நல்ல சரக்கு அத்த" என்கிறான். சரக்கு என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் நானே ஒரு வழி செய்துவிட்டேன். அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து, பாட்டிலைத் திறந்து, அருள் நிறைந்த மரியே சொல்லி, அந்தோனியார் எண்ணெயை அதில் விட்டுக் குலுக்கி வைத்துவிடுகிறேன். அதில் எந்தக் கெட்டது இருந்தாலும் அந்தோனியார் பார்த்துக்கொள்வார். எத்தனையோ பேர் அந்த எண்ணெயை நாக்கிலும் விட்டுக்கொள்கிறார்கள், யாருக்கு என்ன ஆனது? நெஞ்சில் தேய்த்தால் துடைத்துவிடுகிற மனிதர் இப்போது நெஞ்சுக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறார். இனி எப்படித் துடைப்பார் பார்க்கலாம்! அவருக்கு ஒன்றும் தெரியாது. போன ஞாயிறு வினோதான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, "என்ன மாமா, மேல ஒண்ணு கீழ ஒண்ணாப் பிரிஞ்சு நிக்கிது?" என்றான். உன் அப்பா அதை வாங்கிக் குலுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். ஒன்றும் தெரியாத மனிதர்.

இருமல் கொஞ்சம் இருக்கிறது. இத்தனை வருஷத்துப் பீடிக் கறை இறங்குகிறது, இருமத்தான் செய்யும் என்று வேலுத்தாய் சொல்கிறாள். அதனால் எண்ணெயை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே விடுகிறேன். எண்ணெய்ப் பாட்டில் காலியாகப் போகிறது. ஃபாதரிடம் சொல்லி இன்னொன்று வாங்க வேண்டும்.

உன் போட்டோவுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். அதைத் தொட்டு உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், மகளே. டிசம்பருக்கு இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு வருவோம்.

உன் அம்மா
சிசிலி


சேசு மரி சூசை துணை

கோட்டயம்
நவம்பர்

என் மகளே டின்சி,

முதலில் இதைப் படி. அப்பா உயிரோடு இருக்கிறார். இப்போது தூங்குகிறார், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் போகிறது. முகத்தில் களை கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

வினோ மடத்துக்குப் போன் செய்து நிமோனியா என்று சொன்னதாகச் சொன்னான். அது பாதிதான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் நீ எழுதிய கடிதம் வந்தது. உங்கள் மடத்து நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டதாகவும், எந்த எண்ணெயும் மூச்சோடு உள்ளே போகக் கூடாதென்று அவர்கள் சொன்னதாகவும், உடனே நிறுத்து அம்மா என்றும் எழுதியிருந்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மடத்துக்குப் போன பிள்ளைக்கு அந்தோனியார் மேலிருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது என்று நினைத்தேன். மதர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்துவிட்டேன். உனக்குப் பதிலும் போடவில்லை. மறுநாளும் ஊற்றினேன்.

அக்டோபர் முழுக்க இருமல். படி ஏறினால் மூச்சு வாங்கியது. கம்பெனி ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள், குழலைப் பற்றி அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டத்துக்கு விரோதமான சாமான் என்று பயம். ஒரு காலை ஃபாக்டரியில் டிரையருக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்சில் கூட ஏறி வந்தவள் யார் என்று நினைக்கிறாய்? ஷீனாதான். வழி முழுக்க அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இங்கே வந்து மலையாளத்தில் எல்லாம் பேசி, அட்மிஷன் போட்டு, எனக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவள் மேல் அப்போதும் வெங்காய வாடைதான் அடித்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நெஞ்சுக்குள் எண்ணெய் இருக்கிறது, எப்படிப் போனது என்று கேட்டாள். குடித்த எண்ணெய் வயிற்றுக்குப் போய்விடும், மூச்சில் போன எண்ணெய் நெஞ்சிலேயே தங்கிவிடும், உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது என்றாள். எந்த எண்ணெயாக இருந்தாலும் அப்படித்தானாம். அப்படியும் என் புத்தியைப் பார், டின்சி. வினோ கொடுத்த பேரில்லாத பாட்டில் என்று வாய்வரை வந்துவிட்டது. அவனைக் காட்டிக்கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் உன் அப்பா மூக்குக் குழாயை ஒதுக்கிக்கொண்டு, "ஞான்தன்னே ஒழிச்சது டாக்டரே" என்றார், நானேதான் ஊற்றினேன் என்று. தானே ஒரு குழல் செய்ததாகவும், புதிதாகச் செய்கிறவன் என்பதால் தெரியாமல் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்த்ததாகவும் சொன்னார். டாக்டரம்மா மகள் அப்பாவைத் திட்டுவது போலத் திட்டினாள். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார்.

அவள் போனதும், உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். மூச்சு விட்டு விட்டுத்தான் சொன்னார். "மொத நாளே தெரியும். துண்ட மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நீ பாட்டில வச்சுக்கிட்டு, கண்ண மூடி, மரியே சொல்லிக்கிட்டு நின்ன. எனக்காக நீ கண்ண மூடி நான் பாத்ததே இல்ல சிசிலி. எப்பயும் தொறந்து வச்சுப் பாத்துக்கிட்டேதான இருப்ப. அதான் தடுக்க மனசு வரல." நெஞ்சு எரியவில்லையா என்று கேட்டேன். "எரிஞ்சுச்சு. நீ ஊத்துனதுதான, என்ன செஞ்சிரும்னு இருந்துட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதருடைய சட்டைப் பையைத் துழாவிப் பார்த்தே வாழ்ந்தவள் நான். வினோவைச் சந்தேகப்பட்டேன். ஷீனாவைச் சந்தேகப்பட்டேன். மதரை, உன்னை, யாரை விட்டேன்? என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தோனியார் மேல் ஒரு குற்றமும் இல்லை. விளக்குக்கு வைத்த எண்ணெயை எங்கே ஊற்ற வேண்டும் என்று தெரியாதது நான்.

டாக்டரம்மா மருந்து கொடுக்கிறாள். எண்ணெய் கரைய மாதக்கணக்கில் ஆகலாம், நெஞ்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறாள். டிரையர் வேலைக்கு இனிப் போக முடியாது. மதுரை வரை பயணமும் கூடாது. எட்டாம் தேதிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தாவது வந்துவிடுவேன் என்று அவர் கேட்டுப் பார்த்தார். அவள் தலையை அசைத்துவிட்டாள். அதற்குப் பின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே பயம்தான். அந்தக் குழலால் தன் வாக்குக் கெட்டுப்போய், அதனால் உன் நாள் நின்றுவிடுமோ என்று. என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார், "பீடி தொடலன்னு புள்ளட்ட சொல்லு" என்று. சொல்லிவிட்டேன், தொடவில்லை. இதற்கு நானே சாட்சி, நான் மோந்து பார்க்காத நாள் இல்லை.

நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது மகளே. அப்பா, நீங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள், என் நாள் உங்களால் நிற்காது என்று எழுது. கண்ணாடி வீட்டில் இருக்கிறது, பெரிய எழுத்தாக எழுது. என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

மதர் அவர்களே, இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். முழுதும் படியுங்கள். நவதுறவில் இருக்கிற பிள்ளைகளை வெளியே அனுப்புகிற வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. மதுரையிலிருந்து கோட்டயத்துக்கு நேர் பஸ் இருக்கிறதாம், வினோ விசாரித்துச் சொன்னான். நெற்றியில் ஒரு முத்தம் கொடுக்க ஆகிற நேரத்துக்கு மேல் பிள்ளை இங்கே நிற்க வேண்டியதில்லை. அவர் வாயில் இப்போது ஆஸ்பத்திரி மருந்து வாடை மட்டும்தான்.

டின்சி, மீதி எண்ணெயைக் குருசடி விளக்கிலேயே ஊற்றிவிடச் சொல்லி வேலுத்தாயிடம் சொல்லிவிட்டேன். உன் போட்டோ வீட்டுச் சுவரில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். அதனால் இந்தத் தாளில் உன் பேர் எழுதிய இடத்தில் சிலுவை போடுகிறேன். எண்ணெய் தொடவில்லை. வெறும் விரல்தான், வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன் அம்மா
சிசிலி